முந்நூறு நொடி

சாமளாபுரத்துக்கு மேற்கே எட்டுத் தறி.
அதன் தகரக் கூரைமேல் இருபது பேனல்.
வங்கிக் கடனில் பாதி இன்னும் என் பேரில்,
வெயில் மட்டும் யார் பேரிலும் இல்லை.

மாட்ட வந்த அன்னூர்ப் பையன் தரணீஷ்
முதல் நாளே சொல்லிவிட்டான்:
"நூறு பங்கு வெயில் விழுந்தா
இருபத்தொண்ணுதான் கரண்டாகுங்க்கா."
மீதி?
"சூடாப் போயிருங்."
நூறு கிலோ நூல் வாங்கி
இருபத்தொரு கிலோ துணி திருப்பிக் கொடுத்தால்
எந்த ஏவாரி என்னை வாசலில் நிற்க விடுவான்?

அந்த இருபத்தொன்றும் சித்திரையில் நிற்காது.
வெயில் ஏற ஏற வேகமும் ஏறும் என்றுதானே நினைப்போம்.
கண்ணாடி அறுபத்தைந்து டிகிரியைத் தொட்டதும்
உச்சியில் ஏர் இழுத்த மாடு போல
நாக்கைத் தள்ளுகிறது.
மாசி மாதம், காலை பத்து மணி,
கணவாய்ப் பக்கமிருந்து கொஞ்சம் காற்று,
அதுதான் அதற்குப் பிடித்த பொழுது.
ஆடியில் காற்று தாராளம், மேகமும் தாராளம்.
எல்லாம் கூடி வந்த நாட்களை
நோட்டில் சிவப்பு மையில் குறிக்கிறேன்.
வருசத்துக்கு நாற்பது தேறினால் அதிகம்.

பஞ்சைச் சொல்ல மறந்தேன்.
தறி ஓட ஓட ஜன்னல் வழியே பறந்து
கூரையேறிப் படிந்து பனியில் ஒட்டிக்கொள்ளும்.
என் தறி துப்புவது என் தறியின் சோற்றில்.
சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரியும்,
அதனால் ஐந்தரைக்கே ஏணி, துடைப்பான், நான்.
போர்த்தண்ணி காய்ந்தால் வெள்ளை வெள்ளையாய்த் திட்டு.
எட்டு நாளைக்கொருக்கா வரும் ஆத்துத்தண்ணியில்
இரண்டு குடம் அதற்கு.
"குடிக்கறதை ஊத்திக் கழுவறா பாரு"
என்பாள் ரங்கநாயகி, பக்கத்து மாடியிலிருந்து.
நாலு மணிக்குமேல் அவள் தண்ணித்தொட்டியின் நிழல்
ஓரத்துப் பேனல் ஒன்றின்மேல் சாயும்.
சாய்வது ஒன்றில், தளர்வது வரிசை முழுக்க.
பாவில் ஓரிழை அறுந்தால்
தறியே நிற்பதில்லையா, அப்படி.

நேற்று மதியம் ஒண்ணேகால்.
வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை.
எட்டுத் தறியும் ஒரே மூச்சில் நின்றன.
சத்தம் போனதில் காது அடைத்துக்கொண்டது.
கூரைமேல் அத்தனை வெயில்,
கூரைக்குள் ஒரு ஃபேன் சுற்றவில்லை.
தரணீஷைப் போனில் பிடித்தேன்.
"பந்தி நிறையச் சோத்தக் கொட்டிட்டு
என்னைப் பட்டினி போடுதாடா உன்ற பெட்டி?"
"அக்கா, வெளிய வந்து கம்பத்தப் பாருங்."

மூணாவது கம்பத்தில் லைன்மேன் பொங்கியண்ணன்.
இடுப்புக் கயிற்றில் சாய்ந்து
பல்லில் துண்டுக் கம்பியைக் கடித்தபடி
அறுந்ததை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.
"உங்க பெட்டி அணையாம இருந்தா
உங்க வெயிலு அந்த லைன்ல ஏறிப் போயி
அவரு கையத் தேடுமுங்."

நோட்டில் ஒண்ணேகாலுக்கு நேரே
நட்டம் என்று எழுதியிருந்தேன்.
அடித்துவிட்டு அவர் பேரை எழுதினேன்.

பேட்டரி விலை இறங்குகிறதாம்.
அப்புறம் ஊர்க் கம்பியை விட்டுப் பிரிந்து
உள்ளுக்குள்ளேயே தறி ஓட்டலாமாம்,
அவரையும் தொடாமல்.
சிலிக்கன்மேல் இன்னொரு பூச்சுப் பூசி
முப்பதைத் தாண்டிவிட்டார்களாம் எங்கோ ஒரு லேபில்.
"எத்தாச்சோடு?" என்றேன்.
"நகத்தளவுங்."
நகம் கூரையாக வளர எத்தனை வருசம்?
என் கடன் முடிய ஆறு.

அவர் இறங்கிக் கைகாட்டினார். கரண்டு வந்தது.
தறிகள் ஊர்க் கரண்டில் உடனே கிளம்பிவிட்டன.
சுவரிலிருந்த பெட்டி மட்டும் நம்பவில்லை.
முந்நூறு நொடி பார்த்துத்தான் சேரும்.
சிவப்பு சிமிட்டிச் சிமிட்டி எண்ணியது.
மோர்ச் சொம்போடு நானும் நின்றேன்.

இருநூற்று நாற்பது.
மேலே தகரம் சூட்டில் முறுக்கிக்கொள்ளும் சத்தம்.
நூற்றுப் பத்து.

பச்சை விழுவதற்குள்
பொங்கியண்ணன் வாசலில் நின்று
உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார்.