கதி என்ற கட்டம்

பதிவேட்டில் பதினோராவது கட்டம்.
தலைப்பு மலாயில், நாசிப்.
கதி என்று வாசித்துக்கொண்டேன்.
கீழே நாற்பத்து மூன்று வெற்றிடம்,
எனக்கு ஆறு வார ஒப்பந்தம்.
மூழ்கியது, உடைத்தது, விற்றது, தெரியவில்லை,
நான்கில் ஒன்றை எழுதினால் போதும் என்றார் ரோஸ்மா,
ஏர்கான் அடியில் சால்வை போர்த்தியபடி.

முதல் வாரம் எளிது.
ஒரு தொங்கான்
தஞ்சோங் தோக்கோங் சேற்றில் முதுகு முறிந்தது.
இன்னொன்றின் பலகைகள் பாலேக் பூலாவில் கோழிக்கூண்டு;
சேவல் அணியத்தில் நின்று கூவுகிறது.
ஒரு லோர்ச்சா, வெள்ளைக்காரன் உடம்பு, சீனன் சட்டை,
பிராய் ஆற்றுவாயில் கரி ஏற்றப் போனது,
திரும்பியதாக எந்தத் தாளும் சொல்லவில்லை.
தெரியவில்லை என்று எழுதினேன்.
பேனாவுக்கு அந்தச் சொல் பழகிவிட்டது.

இருபத்தேழு: தௌலத்.
ஜார்ஜ் டவுன் பதிவு. நாற்பத்தொன்பது அடி.
பாய்வகை என்ற இடத்தில்
எனக்கு முன்னால் இருந்த குமாஸ்தா யாரோ
கேள்விக்குறி போட்டு, அடித்து,
மறுபடி போட்டிருந்தார்.

படம் கிடைத்தது, ஒரு மூலை பூச்சி தின்ற படம்.
முன்மரத்தில் மூங்கில் விலா வைத்த சீனப் பாய்.
நடுமரத்தில் சாய்ந்த பருமல்,
அதில் நாகூர் தோணியின் முக்கோணம்.
கடைசியில், துரைமார் பந்தயப் படகில்
கழற்றி வந்தது போல ஒரு வெள்ளைத் துண்டு.
ஒரே காற்றை மூன்று பாஷையில் வாசித்துக்கொண்டு
போகிறது ஒரு கலம்.

ஹாலந்திலிருந்து ஒருவர் வந்திருந்தார்,
பாய்மரங்கள் பற்றித் தடித்த புத்தகம் எழுதுபவர்.
படத்தைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார்.
மேதை, என்றார்.
வாடைக்கு ஒன்று, சோளகத்துக்கு ஒன்று,
இரண்டும் செத்த பொழுதுக்கு மூன்றாவது என்று
யாரோ ஒரு மேதை கணக்குப் போட்டிருக்கிறான்.
என் மேசையில் பென்சிலால் அம்புக்குறிகள் வரைந்தார்.
எனக்கும் புல்லரித்தது, பொய் சொல்வானேன்.

ஜெலுத்தோங், அடுக்குமாடி, ஒன்பதாம் தளம்.
லிப்ட் ஓடவில்லை.
தௌலத்துக்காரரின் மகள் பல்கீஸ்
கைப்பேசி உறைகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்.
ஒட்டுநாடாவைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னார்:
“மேதையா? வாப்பாவுக்குக் கடன்.
ஒரு செட்டுப் பாய் வாங்க வக்கில்லை.
முக்கோணம் ஏலத்தில் மலிவாக் கிடைச்சது.
சீனப் பாய், கிம் ஹுவாட்
வாடகைக்குப் பதிலா விட்டுட்டுப் போனது.
வெள்ளைத் துண்டைப் பத்தி மட்டும் கேக்காதீங்க.”

ஓடியதா என்றேன்.
“ஓடுச்சு. வலப்பக்கம் மட்டும் நல்லாத் திரும்பும்.
இடப்பக்கம் போகணும்னா
மூணு தடவை வலப்பக்கம் திரும்பணும்.”
கையெழுத்துக்கு வந்த பையன் கதவைத் தட்டினான்,
எழுந்து போய்விட்டார்.

பிறகு நானே தேடினேன், சனிக்கிழமைகளில்.
சீனப் பாய் பட்டர்வர்த் மீன்சந்தையில் நிழல்,
விலா இரண்டு குறைவு.
நடுமரம் நிபோங் திபாலில் ஒரு பள்ளிக்கூடத்தில் நிற்கிறது.
ஆஞ்சான் ஓடிய கப்பியில்
திங்கள் காலை கொடி ஏறுகிறது, கிறீச்சிட்டபடி.
உடம்பு லங்காவியில்,
டீசல் இஞ்சின் வைத்து, நீலம் பூசி,
மூன்லைட் டூ என்ற பெயரில்
சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு
இடப்பக்கமும் திரும்புகிறது.
வெள்ளைத் துண்டை நான் தேடவில்லை.

ஹாலந்துக்காரருக்கு எழுதினேன்.
பதில் இல்லை. புத்தகம் வந்தால் பார்க்கலாம்.

கடைசி வெள்ளி.
பெயர் ஓரிடம், மரம் ஓரிடம், துணி ஓரிடம்.
எது தௌலத்?
மூழ்கவில்லை. உடைந்தும் உடையவில்லை.
தெரியவில்லை என்று எழுதக் கை வரவில்லை,
எல்லாம்தான் தெரிந்துவிட்டதே.
கதி என்றால் முடிவு என்று நினைத்திருந்தேன்.
குதிரைக்கும் தாளத்துக்கும் கதி உண்டு,
அங்கே அது நடை.

வலப்பக்கம் நன்றாகத் திரும்பும்
என்று எழுதினேன், மலாயில், கட்டத்தைத் தாண்டாமல்.
ரோஸ்மா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
மணி நாலே முக்கால்.
முத்திரை குத்தினார்.

இருபத்தெட்டு: மூழ்கியது.