ஒரு வாய்

மூன்று மாத வாடகை, கரண்ட் பில்,
சுவரில் ஆணியடித்த ஓட்டைகள்,
எல்லாம் சேர்த்து இருபத்தேழாயிரம்.
அதற்குப் பதிலாக ரொசாரியோ
பரண்மேல் விட்டுப் போனது ஒரு பெட்டி.
போத்தனூர் ஜங்ஷனில்
எந்த ரயிலில் ஏறினார் என்று
கேட்காத ஆளில்லை.

திறந்தால் மெரூன் வெல்வெட்.
கழற்றிக் கழற்றிப் படுக்கவைத்த
இரண்டு கிளாரினெட்.
"நாதஸ்வரமுங்களா?" என்றாள் துளசிமணி.
"பேண்டு செட்டுல ஊதறது."
"அதுக்கு இத்தன பொத்தானா!"

நான் லேத்துக்காரன்.
கையில் எடுத்ததும் அளந்துவிடுவேன்.
துளை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்று.
நீளம்தான் ஒன்று
ஒன்றரை அங்குலம் கூட.
மரம் கருங்காலி மாதிரி கனம்.
சாவிகளில் துரு இல்லை, பச்சை மட்டும்.
கணக்கு ஒரே இடத்தில் இடித்தது:
உடம்பு இரண்டு, வாய் ஒன்று.

"இன்னொரு வாயை வித்துத் தின்னிருப்பாரு"
என்றாள் துளசிமணி.
பரணைக் கூட்டினோம். குளியலறை ஜன்னல்,
கேஸ் அடுப்புக்குப் பின்னால்,
தண்ணீர்த் தொட்டிக்குள் கூட டார்ச் அடித்தோம்.

வந்தவர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள்.
குறிச்சி பேண்டுக்காரர்:
"வாயில்லாததை வெச்சு என்னங்க பண்றது?
ஒண்ணை மட்டும் குடுங்கொ, ஒம்பதாயிரம்."
உக்கடம் பழைய சாமான் கடைக்காரர்
அடியில் பலகை, தலையில் பல்பு வைத்தால்
ஜோடி விளக்கு ஆகும் என்றார்,
ஆறாயிரம்.
துளசிமணி அவருக்குக் காப்பி கொடுக்கவில்லை.

விலை பேசுவது எப்போதும் அவள்தான்.
பட்டறை ஆர்டரானாலும் பாகற்காயானாலும்
நான் பக்கத்தில் நின்று
விட்டத்தைப் பார்ப்பேன்.
முப்பது வருஷமாகத் தொந்தரவு இல்லாத ஏற்பாடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
தொலைந்த வாயை நானே கடைந்தேன்,
கறுப்பு நைலான் ராடில்,
இருக்கிற வாயைப் பார்த்து, வெர்னியர் வைத்து.
ஊதினால் குட்டி போட்ட ஆடு கத்தியது.
இருந்தாலும் பெட்டியில் வைக்கப் பார்த்தேன்.
வைக்க இடமில்லை.
அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஹில்டா டீச்சர் ராமநாதபுரத்திலிருந்து
ஸ்கூட்டியில் வந்தார், ஹெல்மெட்டைக்
கழற்ற மறந்தே பெட்டியைத் திறந்தார்.
சொந்தப் பையிலிருந்து நாணல் சீவல் ஒன்றை
நாக்கில் நனைத்துக்கொண்டே
உள்ளே டார்ச் அடித்து விரிசல் தேடினார்.
நைலான் வாயைப் பார்த்தார்.
சிரிக்கவில்லை. மேஜையில் ஓரமாக வைத்தார்.

"பெட்டியில குழி எத்தனைன்னு எண்ணுனீங்களா சார்?
ஒம்பது. ஒம்பதும் நிறைஞ்சுதான் இருக்கு.
ஒரே ஆள், ரெண்டு சுருதிக்கு ரெண்டு உடம்பு.
வாய் ஒண்ணுதான்.
பாட்டு நடுவுல சுருதி மாறினா
இதுல கழற்றி அதுல மாட்டணும்,
சூடு ஆறுறதுக்குள்ள."

ஊதிக் காட்டினார்.
நீள மரக்கடைசலுக்குள் முதலில் தூசி,
பிறகு காற்று, பிறகு குரல்.
திருகி எடுத்தார், மற்றதில் பொருத்தினார்.
அதே விரல்கள், அதே வரிசை,
ஆனால் வாசலில் நின்று பேசிய ஆள்
உள் அறைக்கு வந்து
உட்கார்ந்து பேசுகிற மாதிரி.
பட்டறையில் ராடு ஏற்ற வந்த பையன்
ராடைத் தோளிலேயே வைத்திருந்தான்.

"ஒண்ணும் தொலையல சார். அதனால
விலையைக் குறைக்கவே குறைக்காதீங்க.
முப்பதுக்குக் கூடப் போகும்.
என்கிட்ட இருக்கிறது
இருபத்திரண்டுதான்."

இப்படி யாராவது சொல்லுவார்களா
தனக்கே நஷ்டமாக?
நான் வழக்கம்போல்
துளசிமணியைப் பார்த்தேன்.

அவள் பெட்டியைப் பார்த்தாள்,
ஒன்பது குழியையும் விரலால் எண்ணினாள்.
வாய்த் துண்டின் ஈரத்தை
டீச்சர் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.
பிறகு முப்பது வருஷத்தில் முதல் தடவையாக
அவள் என்னைப் பார்த்தாள்,
"நீங்க சொல்லுங்கொ" என்று.

தொண்டையைச் செருமினேன்.