குண்டான்

செவ்வாய்ப்பேட்டையில் எடைபோட்டு வாங்கிய
ஈயத்தகட்டுச் சுருளுக்கு
ஏற்காடு பஸ்ஸில் அரை டிக்கெட்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
என் காலை விட்டு இறங்கவில்லை.

ஓடு சுவரில் முட்டும் இடம்.
சிமென்ட் பூசினேன். தார் பூசினேன்.
வெயிலுக்கு ஓட்டுச்சட்டம் அசையும், சுவர் அசையாது,
நடுவில் மயிரிழை போதும் மழைக்கு.

"போன ஐப்பசியிலும் இதையேதான் சொன்னீங்க."
ஏணியைப் பிடித்தபடி இருதயமேரி.

கல் இணைப்பில் விரற்கடை ஆழம் காடி வெட்டி
விளிம்பைச் செருகிக் காரை அடைத்து
மீதியை மரச்சுத்தியால்
ஓட்டின் மேடு பள்ளம் கேட்டுக் கேட்டுத் தட்டினேன்.
ஈயம் முரண்டு பிடிக்கவில்லை.

"அந்தக் கையோட சோத்தைத் தொடாதீங்க."
சோப்பை நீட்டினாள்.

ராத்திரி மஞ்சக்குட்டைப் பக்கமிருந்து வந்தது மழை.
விடியும்வரை
அடுப்பங்கரை மூலையில் குண்டான் சத்தமே போடவில்லை.

காலையில் அதைக் கழுவி
உலை வைத்தாள்.