ஒன்பதாம் மாடியின் வாக்கு

மூன்று வாரமாக லிஃப்ட் ஓடவில்லை.
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் தொங்குகிறது,
அணையாத ஒரு விளக்கோடு,
யாரோ விட்டுப்போன உருளைக்கிழங்குப் பையோடு.

திபிலீசியின் வடக்கு விளிம்பில்
எங்களுடையதைப் போல நாற்பது கட்டடங்கள்.
கட்டிக்கொடுத்த அரசு இப்போது இல்லை.
அதன் கம்பத்தில் பிறகு வேறு கொடிகள் ஏறின.
லிஃப்ட் மட்டும் அதே லிஃப்ட்,
காசு போட்டால்தான் ஏறும்,
இறங்குவது இலவசம்.

வியாழன் மாலை
தபால் பெட்டிகளின் முன்னால் கூட்டம்.
நாற்காலி ஆறு, ஆட்கள் இருபத்தொன்று.
நோதாரியிடம் யாரோ பேனாவை நீட்டினார்கள்,
அவர் வாங்கிக்கொண்டார்.
அவ்வளவுதான், தலைவராகிவிட்டார்.

தரைத்தளத்து கோச்சா எழுந்தார்:
"நான் லிஃப்ட்டில் ஏறியதே கிடையாது.
ஏறாத வண்டிக்கு நான் ஏன் கூலி தர வேண்டும்?"
கேட்க நியாயமாகத்தான் இருந்தது.
இரண்டாம் மாடி தலையாட்டியது.
மூன்றாம் மாடி தன் முழங்காலைத் தடவி
யோசித்தது.

ஏழாம் மாடி த்ஸியாலா விடவில்லை:
"உன் தலையில் மழை விழாமல்
மேலே ஒன்பது மாடி நிற்கிறோமே,
அதற்கு எவ்வளவு கூலி கொடுத்தாய்?"
கூடம் முழுக்கச் சிரிப்பு.
ஆனால் சிரிப்பை
நோதாரி எந்தப் பத்தியிலும் எழுத முடியவில்லை.

காதில் பாட்டோடு உள்ளே வந்த பெசோ
எங்களை விலக்கிக்கொண்டு போனான்.
"எனக்கு அரசியல் பிடிக்காது."
சொல்லிவிட்டு எட்டாம் மாடிக்கு
நடந்தே ஏறினான்.

கைகளை எண்ணினோம்.
வேண்டாம் பதினொன்று, வேண்டும் பத்து.
பேனா தாளைத் தொடும் நேரத்தில் நோதாரி நிமிர்ந்தார்:
"ஒன்பதிலிருந்து யாரும் வரவில்லையே?"

வரவில்லை.
பேருந்து ஓட்டும் லமாராவின் வலது காலில்
தொடைவரை மாவுக்கட்டு.
எதிர்வீட்டு மாக்வாலாவிடம்
நடக்கத் தெரியாத இரட்டைக் குழந்தைகள்.
லிஃப்ட் வேண்டும் என்று சொல்ல
அவர்கள் லிஃப்ட்டில்தான் வந்தாக வேண்டும்.

நான் பல தேர்தல்களில் வாக்களித்தவன்.
எத்தனை பேர் வந்தார்கள் என்று
இரவெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன்.
எது தடுத்து மற்றவர் வரவில்லை என்று
எண்ணுவதை நிறுத்திக் கேட்ட ஒருவரை
அன்றுதான் பார்த்தேன்,
கையில் இரவல் பேனாவோடு.

"அப்படியானால் கூட்டம் மேலே போகட்டும்."
இதைச் சொன்னது யார் என்று இன்னும் சண்டை.
நான்தான் என்பது என் எண்ணம்.

ஏறினோம்.
ஆறாவதில் கம்பிக் கதவின் இடுக்கு வழியே
கீழே தெரிந்தது விளக்கு,
முளைவிட்ட கிழங்குகள்.
ஏழாவதில் கோச்சா படியில் உட்கார்ந்துவிட்டார்.
த்ஸியாலா தன் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தாள்,
முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கொடுத்தாள்.

ஒன்பதாவதில் மூச்சு வாங்க
கோச்சா ஜன்னலைப் பிடித்து நின்றார்.
கீழே அவருடைய திராட்சைப் பந்தல்,
அவருடைய கார் கொட்டகை,
பொது நிலத்துக்குள் மூன்று மீட்டர்
அவர் தள்ளிப் போட்ட வேலி.
நெடுநேரம் பார்த்தார்.
"இங்கிருந்து எல்லாம் தெரியுமா?"
"தெரியும்" என்றாள் லமாரா.
"பதினாறு வருடமாக."
அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

பிறகு கோச்சா சொன்னார்,
கால் பங்கு தருவதாக.
பேரம் நடந்தது. மூன்றில் ஒன்றில் நின்றது.
வேலியைப் பற்றி யாரும் பேசவில்லை.

படி ஏறிய வலியா,
மாவுக்கட்டைக் கண்ட இரக்கமா,
வேலி தெரிந்த வெட்கமா, பயமா?
எனக்குத் தெரியாது.
மெக்கானிக்குக்கும் தெரியாது.
அவர் பணத்தை எண்ணினார்,
கயிற்றை மாற்றினார்.

மனிதர் நல்லவராகும்வரை காத்திருந்தால்
மாக்வாலாவின் குழந்தைகள்
மீசை முளைத்துத்தான் கீழே இறங்கியிருப்பார்கள்.

இப்போது ஓடுகிறது,
நான்காம் மாடியைத் தாண்டும்போது மட்டும் ஒரு முனகல்.
நேற்று காசுப் பெட்டியைத் திறந்தால்
உள்ளே ஒரு கால்சட்டைப் பொத்தான்.

அடுத்த வியாழனும் கூட்டம் இருக்கிறது.
பொத்தான் யாருடையது,
வேலி எப்போது நகரும்,
நோதாரி அந்தப் பேனாவை
இன்னும் ஏன் திருப்பித் தரவில்லை.