நிமிடத்துக்கு நூற்று நாற்பது

சனிக்கிழமை, பதினொன்றே கால்.
ஃபோக்ஸ்டோன் கடைத்தெரு முனையில்
மஞ்சள் அங்கிக்காரன் கையை உயர்த்தினான்.
பேருந்தின் மூச்சை அடக்கிவிட்டுக்
கதவைத் திறந்தேன்.
விதிப்புத்தகத்தில் இதற்கு இடமில்லை.
பதினேழு பேரும் இறங்கினார்கள்,
காசை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

முதலில் வந்தது சத்தமல்ல, அதிர்வு.
ரொட்டிக்கடைக் கண்ணாடிக்குள்
விலைச்சீட்டு ஒன்று நடுங்கிச் சரிந்தது.
கூரையிலிருந்த கடற்காகங்கள்
கலைந்து கத்திப் பார்த்து
தோற்று வாய்மூடின.

வளைவில் திரும்பியது பச்சை.
கறுப்பென்றே சொல்லிவிடலாம் அந்தப் பச்சையை.
தொப்பி வார் தாடையில் அல்ல,
கீழுதட்டுக்கு அடியில்;
அப்படிக் கட்டிக்கொண்டும் ஊதுகிறார்கள்.

கூர்க்கா வாத்தியப் படை.
நிமிடத்துக்கு நூற்று நாற்பது அடி.
மற்ற படைகள் போவதையும் பார்த்திருக்கிறேன்,
அது நடை.
இது, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவர்களின் வேகம்.
ஆனால் ஒரு பொத்தானுக்கும்
பதற்றம் இல்லை.

முடிதிருத்தகத்திலிருந்து ஒருத்தி
சாயம் பூசிய தலையில் வெள்ளித்தாள்களோடு
நடைபாதைக்கு ஓடி வந்தாள்.
பெருமுரசுக்காரரின் மார்பில் சிறுத்தைத்தோல்.
"நிஜமா?" என்றது ஒரு குழந்தை.
"நைலான்" என்றார் யாரோ.
குழந்தை சற்று யோசித்து
நிஜம்தான் என்று முடிவு செய்துகொண்டது.

கடைசி வரிசையில் ட்யூபா.
ட்யூபாவுக்குக் கீழே இரண்டு கால்கள்.
அவ்வளவுதான் தெரிந்தது அந்த மனிதரில்.
"அடடா, பித்தளை தானாக நடக்கிறதே!"
சிரித்துக்கொண்டே கைதட்டியவர் மோரிஸ் ஹாக்பென்,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்ந்தவர்.
இரண்டு விரலை வாயில் வைத்துச் சீழ்க்கையடித்தார்.
"நம்ம பையன்கள்!" என்றார்
முன்பின் தெரியாத எல்லோரிடமும்.

அவர் பக்கத்தில் என் இன்னொரு பயணி,
முதியோர் இல்லச் சீருடையில்
சுபிமாயா லிம்பு.
அடுத்த நிறுத்தம் எது என்று சொல்லும் குரலில் சொன்னார்:

"அது என் வீட்டுக்காரர்.
உங்கள் தலைக்கு மேலேதான் குடியிருக்கிறோம்.
போன மாதம் நகராட்சிக்கு எழுதினீர்களே,
மாடியில் மாடு கத்துகிறதென்று,
அந்த மாடு."

ஹாக்பென்னின் உள்ளங்கைகள்
ஒன்றையொன்று தொடாமல்
நடுவழியில் நின்றன.
இருபத்திரண்டு வருடம் ஓட்டுகிறேன்,
இப்படி ஒரு நிறுத்தத்தைப் பார்த்ததில்லை.

"இப்போதெல்லாம் மெத்தைக்குள் திணித்துத்தான் வாசிக்கிறார்,"
அந்த அம்மாளின் கண்கள் ட்யூபாவை விட்டு அகலவில்லை.
"முழுச் சத்தத்தில்
நானே இன்றுதான் கேட்கிறேன்."

அப்போது மலைப்பாட்டொன்றுக்கு மாறியது படை.
சொல் தெரியாத ஊர்
தோள்களை ஆட்டியது.
எல்லா ஒலிகளுக்கும் தரையாகக் கிடந்தது
அந்தத் தாழ்ந்த சுரம்.
அதன்மேல் நின்றுதான் கொம்புகள் கூவின,
அதன்மேல் நின்றுதான்
நாங்களும் கைதட்டிக்கொண்டிருந்தோம்.
ஹாக்பென் தட்டவில்லை.
தொப்பியைக் கழற்றி
எங்கே வைப்பதென்று தெரியாமல்
மறுபடி போட்டுக்கொண்டார்.

பேருந்தில் திரும்பும்போது
இருவரும் ஒரே பக்கத்து இருக்கைகள், முன்னும் பின்னும்.
செரிட்டன் வரை பேச்சில்லை.
இறங்கும்போது மட்டும் அவர்,
"எடை எவ்வளவு இருக்கும், அது?"
"எங்கள் மகனைவிடக் கொஞ்சம் குறைவு."

வியாழன் மாலை, அதே தெரு,
சிவப்பு விளக்கில் நின்றிருந்தேன்.
மாடி ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது.
உள்ளிருந்து அந்தச் சுரம்,
மெத்தை இல்லாமல்.
கீழ்வீட்டில் துடைப்பக் கட்டை
கூரையை இடித்துக்கொண்டிருந்தது:
தொம், தொம், தொம்.
நிறுத்து என்கிறாரா,
கூட நடக்கிறாரா?
கைக்கடிகாரத்தைப் பார்த்து
எண்ணத் தொடங்கினேன்.
பதினெட்டு, பத்தொன்பது,

பச்சை விழுந்துவிட்டது.