நாளை அழிக்கவும்

இரவு இரண்டு நாற்பதுக்கு
டிக்கெட் சர்வர் நின்றது.
அணையவில்லை.
சொல்ல வந்ததை மறந்தவர் மாதிரி
பாதியில் நின்றது.

ஹீயுமா தீவு, துறைமுகக் கட்டடத்தின் பின்னறை.
வெளியே உறைந்த கடல் ஓரங்களில் முனகுகிறது.
ஆறு மணிக்கு முதல் கப்பல்.
வரிசையில் இப்போதே ஒரு வைக்கோல் லாரி,
உள்ளே தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கும் ஓட்டுநர்.

திரை சொல்கிறது: இடமில்லை.
கூட்டிப் பார்க்கிறேன்.
உடலில்லாத இயந்திரங்கள் ஒன்பது.
ஆளுக்கு இரண்டு டெராபைட் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.
பதினெட்டு.
உண்மையில் இருப்பது ஏழு.
ஏட்டுச் சுரைக்காயை வைத்தே
இத்தனை வருடம் பந்தி நடத்தியிருக்கிறோம்;
ஒருவரும் வயிறு நிறையக் கேட்டதில்லை,
அதனால் நடந்தது.

கப்பலில் ஹெல்வே இதைச் செய்யமாட்டாள்.
தளத்தில் நாற்பத்திரண்டு கார்.
நாற்பத்து மூன்றாவதாக அமைச்சரே வந்தாலும்
கையைக் குறுக்கே நீட்டுவாள்.

டிஸ்க்கைப் பெரிதாக்கலாம் என்று போனால்
பொத்தான் சாம்பல் பூத்துக் கிடக்கிறது.
அழுத்தினேன். இன்னொரு முறை அழுத்தினேன்.
ஸ்னாப்ஷாட் இருக்கும் டிஸ்க் வளராது என்பது
மூன்றாவது அழுத்தலில் நினைவுக்கு வந்தது.

இருந்தது.
பெயர்: ‘நாளை அழிக்கவும்’.
வயது: மூன்று வருடம், நான்கு நாள்.

அந்த மாலையோடு
பழைய டிஸ்க் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது.
பிறகு வந்த ஒவ்வொரு காரும், நாயும், சைக்கிளும்,
ரத்தான பயணமும் திருப்பிய காசும்
பக்கத்தில் ஒட்டிய துண்டுத்தாளில்.
துண்டுத்தாள் இப்போது ஒன்றேகால் டெராபைட்.

தார்வோவைக் கூப்பிட்டேன்.
பர்னுவில் ரொட்டி சுடுகிறான் இப்போது,
அந்த நேரத்தில் விழித்திருப்பவன் அவன்தான்.
‘அதுவா? இன்னுமா இருக்கிறது?’
தட்டுகள் மோதும் சத்தம்.
‘அன்றைக்குத்தான் மகள் பிறந்தாள், கெர்ட்டு.
அப்படியே எழுந்து போய்விட்டேன்.’
பிறகு, வாயில் எதையோ மென்றபடி:
‘சட்டென்று அழித்துவிடாதே.
அழிக்கவும் கொஞ்சம் இடம் வேண்டும்.’

இடம் தேடினேன்.
யாரும் தொடாத நிறுவல் கோப்புகள், ஆறு ஜிபி.
பயிற்சி இயந்திரம் ஒன்று சும்மா விழித்திருந்தது;
விழித்திருக்கும்வரை தன் நினைவளவுக்கு
டிஸ்க்கில் ஒரு பாயை விரித்து வைத்திருக்கும்.
அதை அணைத்துப் பாயைச் சுருட்டினேன்.
முப்பத்திரண்டு.
போதுமா என்று தெரியாது.
அழுத்தினேன்.

நாற்பது சதவீதம் வரை ஓட்டம்.
எழுபதில் நடை.
தொண்ணூற்றொன்பதில்
அடுத்த அடி எடுக்க மனமில்லை அதற்கு.
தொண்ணூற்றொன்பதில் ஒரு மணி நேரம் இருப்பது
என்னவென்று
இந்த வேலை பார்க்காதவருக்குச் சொல்ல முடியாது.
காபி வைத்தேன். குடிக்கவில்லை.

ஐந்தரைக்கு ஹெல்வே எட்டிப் பார்த்தாள்.
திரையை அல்ல, என் முகத்தை.
அலமாரியிலிருந்து ரசீதுப் புத்தகத்தை உருவி
கார்பன் தாளை ஊதிப் பிரித்து
பனியில் இறங்கிப் போனாள்.
லாரியின் கண்ணாடியில் மூன்று தட்டு.
அன்றைய முதல் டிக்கெட்
பேனா மை உறையாமலிருக்க
அவள் அக்குளில் சூடேற்றி எழுதியது.

ஆறு ஐம்பதுக்கு, கப்பல் போன பிறகு,
நூறு.
ஏழில் இரண்டு காலியாகிவிட்டது.

ரசீதுகளை ஏற்ற வேண்டும்.
ஏற்றுமுன் ஸ்னாப்ஷாட் எடுக்க வேண்டும், விதி அப்படி.
பெயர்ப் பெட்டியில் கோடு மினுக்கியது.
‘நாளை’ என்று என் விரல்களே அடித்தன.
துடைத்தேன்.
‘இன்று மாலை நான்கு மணி. கெர்ட்டு’
என்று அடித்து
கூடவே என் தொலைபேசி எண்ணையும் போட்டேன்,
யாருக்கு எப்போது
பிள்ளை பிறக்குமோ.