முதல் எழுத்து ஊமை

யூனியன் பிளேஸ், ஏழாம் மாடி, இரவு இரண்டு மணி.
பெரு நாட்டில் யாருக்கோ இணையம் அறுந்திருக்கிறது.
'அப்ரா' என்கிறேன். திறவுங்கோ.
'எஸ்பெரே' என்கிறேன். பொறுங்கோ.
திறக்கிறார்கள். பொறுக்கிறார்கள்.
என் சொல்லுக்கு இத்தனை பேர் கீழ்ப்படிவது
கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஏவல் சுலபம் என்றாள் ஃபஸ்மிலா,
பாண் துண்டைத் தேநீரில் தோய்த்தபடி.
'நீ' என்று அழைக்கக்கூடிய ஆள் என்றால்
வினையின் வாலில் தொங்கும் ஸ்ஸை நறுக்கிவிடு.
ஆப்லாஸ்: நீ கதைக்கிறாய்.
ஆப்லா: கதை.
'நீங்கள்' என்றால் உயிர்கள் வீடு மாறும்,
ஆ குடியிருந்த இடத்தில் ஏ,
ஏ இருந்த இடத்தில் ஆ.
ஆப்லே. கதையுங்கோ.

எழுதும்போது முன்னால் இன்னோர் எழுத்து நிற்கும்.
அதற்குச் சத்தமில்லை.
கதை என்று ஏவும் சொல்லுக்கு
முதல் எழுத்தே ஊமை.

அந்த எழுத்தை எனக்கு முன்பே தெரியும்.
காலி வீதி, நூறாம் நம்பர் பஸ்.
'பஹின்ன' என்றதும் இறங்கினோம்.
'பென்வன்ன.' அப்பா அடையாள அட்டையைக் காட்டினார்.
'கதா கரன்ன.'
அதற்குள் எங்கள் கதை கிடந்தது,
எட்டு வயதில் எனக்கே கேட்டது.
அப்பா அட்டையைத் திருப்பி
பின்பக்கத்தைக் காட்டினார்.

இன்று அரெக்கிப்பாவிலிருந்து ஓர் அழைப்பு.
மூச்சு மட்டும்.
ஆப்லே என்றேன். மூச்சு.
மறுபடியும் ஆப்லே.
திரையில் விநாடிகள் சிவந்தன.
எப்படியோ ஏ கழன்று விழ
ஆ வந்து குந்திக்கொண்டது:
ஆப்லா.
'அவர் கதைக்கிறார்' என்பதற்கும் அதே சொல்தான்.
ஏவினேனா, நடக்கப்போவதைச் சொன்னேனா,
இப்போதும் தெரியாது.

ரவுட்டரைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.
நாய் மூன்று நாளாய்ச் சாப்பிடவில்லையாம்.
அதன் பெயர், அதன் இடது காது,
மனைவி இருந்தபோது அது படுக்கும் இடம்.
பதினொரு நிமிடம்.
மரியாதைக் குறைவுக்கு இரண்டு புள்ளி வெட்டினார்கள்,
நேரத்துக்கு ஐந்து.

வேன் என்னை வெள்ளவத்தையில் இறக்கியபோது
முதல் ரயில் கடலை உரசிக்கொண்டு போனது.
குசினி வெளிச்சத்தில் அப்பா,
பனியனோடு, கேத்தலைப் பார்த்தபடி.
'அப்பா, கதையுங்கோ.'
ஏறிட்டுப் பார்த்தார்.
'என்னத்தை?'

கேத்தல் கொதித்து அடங்கிய பிறகு சொன்னார்,
'பால்மா முடிஞ்சுது.'

கொஞ்சம் பொறுத்து,
'சீனியும்.'